நீர்க்காகத்தின் கணக்கு

அதியமான்கோட்டைக்கு நான் போனது பறவை பார்ப்பதற்காக அல்ல. தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் ஏழெட்டுக் கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே சென்னராயப் பெருமாள் கோயில் என்று ஒரு பழைய கோயில் உண்டு. அதன் மண்டபத்து விதானத்தில் பழங்காலத்து வர்ண ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து அவற்றைப் பார்த்து, நான் எழுத நினைத்திருந்த ஒரு சரித்திரக் கதைக்கு வேண்டிய ஆடை ஆபரணங்களைக் குறித்துக்கொண்டு வரலாம் என்பது என் உத்தேசம்.

துணைக்கு ஒரு சிநேகிதரை அழைத்துப் போனேன். அங்கேதான் காரியம் கெட்டது. சிநேகிதருக்குக் காமிராப் பைத்தியம். கோயில் ஓவியங்களைப் படம் எடுத்துத் தருவார் என்று நம்பி அழைத்துப் போன மனிதர், ஏரிக்கரையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"அதோ பாருங்கள்!" என்றார்.

பார்த்தேன். பட்டுப்போன வேலமரக் கிளை ஒன்று தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு கறுப்புப் பறவை. மழையில் நனைந்துவிட்ட வக்கீல் ஒருவர் தம் கறுப்பு அங்கியைக் கழற்றாமலே விரித்து உலர்த்திக்கொள்வது போல, இரண்டு சிறகுகளையும் அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீர்க்காகம்! நம் ஊர்க் குளங்களில் நாம் எல்லோரும் பார்த்திருப்பதுதான். பார்த்துவிட்டு, "காக்கை" என்று சொல்லிப் போய்விடுவோம்.

"இதற்காகவா நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன்.

சிநேகிதர் பதில் சொல்லவில்லை. அதற்குள் அவர் வெள்ளைச் சட்டையோடு கரை மண்ணில் குப்புறப் படுத்தாகிவிட்டது.

கறுப்புப் பறவையைப் படம் பிடிப்பது லேசான காரியம் இல்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சுற்றிலும் தண்ணீர் வெயிலில் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பைப் பார்த்துக் காமிரா ஏமாந்து போகிறது. வெளிச்சம் ஏராளமாக இருக்கிறதென்று எண்ணிக் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. விளைவு, பறவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைப்பொட்டு! ஆகையால் வெயில் ஏறுவதற்கு முன், சாய்ந்த வெளிச்சத்தில், பறவையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து படுத்து எடுக்க வேண்டுமாம். அப்படி எடுத்த ஒரு படத்தைக் காமிராவின் பின்புறத்தில் காட்டினார். காக்கை என்று நான் நினைத்திருந்த பறவையின் கறுப்பில் பச்சை ஓடியது. முதுகின் ஒவ்வோர் இறகும் மீன் செதில் போல ஓரம் கட்டியிருந்தது. நாற்பது வருஷமாகப் பார்த்தும் பார்க்காத பறவை அது.

இந்தப் பைத்தியம் புதிதல்ல. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892ஆம் வருஷத்திலேயே பறவைக் கூட்டையும் முட்டைகளையும் படம் பிடித்தவர்கள். பறவைகளுக்குச் சந்தேகம் வராதிருப்பதற்காக, பாடம் செய்த ஒரு மாட்டின் வயிற்றுக்குள்ளே காமிராவோடு புகுந்துகொண்டு நின்றார்களாம்! நம்மவர் மா. கிருஷ்ணனும் லேசுப்பட்டவர் அல்ல. தமிழின் முதல் நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன் அவர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்து, காட்டு ஜீவன்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் குவித்தார். நாவலாசிரியரின் மகன் காமிராவைத் தூக்கினால் அவனுக்குப் புகழ். நாவலாசிரியனின் சிநேகிதன் தூக்கினால் நாவலாசிரியனுக்கு ஏரிக்கரைச் சேறு.

நான் இப்படி நினைத்துக்கொண்டிருக்கையில் பறவை 'பொத்'தென்று தண்ணீரில் விழுந்தது. முங்கிற்று. எங்கோ தூரத்தில் தலை தூக்கிற்று. அலகில் வெள்ளியாக ஒரு மீன் துள்ளியது. பறவை மீனை மேலே ஒரு சுண்டுச் சுண்டி, தலைப்பக்கம் முன்னே வரும்படி பிடித்து விழுங்கிவிட்டது. காமிரா சடசடவென்று இரைந்தது.

"என்னங்க, படமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். தலையில் துண்டு. ஒரு கையில் தகர டப்பா, மறு கையில் ஒரு குச்சி.

"ஆமாம், பெரியவரே. தொந்தரவு ஒன்றும் இல்லையே?"

"எனக்கென்னாங்க தொந்தரவு? நல்லாப் புடிங்க. ஆனா, அது வாயிலே இருக்கறதையும் சேத்துப் புடிங்க. அது என் மீனுங்க."

அவர்தான் ஏரியின் மீன்பாசிக் குத்தகைக்காரர். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஏலத்தில் குத்தகை எடுத்துப் பணம் கட்டியாயிற்று. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விலைக்கு வாங்கி விட்டாயிற்று. குஞ்சு விரல் நீளந்தான் இருக்கும். விட்ட மறுநாளே, சொல்லி அனுப்பியது போலப் பறவைகள் வந்துவிட்டன.

"பட்டாசு வெடிச்சுப் பாத்தேன். தகரம் தட்டிப் பாத்தேன். நாலு நாளு பயப்படுதுங்க. அஞ்சாம் நாளு, நான் தட்டறதுக்குத் தலையைக்கூடத் திருப்பறதில்லே."

"சுட்டுப் போட்டால்?" என்று ஆழம் பார்த்தேன்.

"கேஸாயிடுமே! அதுக்குச் சட்டம் இருக்குதுங்க. எனக்கு என்னா இருக்குது?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னது வாஸ்தவம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நீர்க்காகங்களையும் காக்கிறது. குத்தகைக்காரரைக் காக்க அப்படி ஒரு சட்டம் இல்லை. கோயிலுக்குப் போனோம்; ஓவியங்களைப் பார்த்தோம். ஆனால் விதானத்து ராஜகுமாரிகளின் ஆபரணங்கள் ஒன்றும் என் மனத்தில் பதியவில்லை. "எனக்கு என்னா இருக்குது?" என்ற குரலே காதில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் கதையை மூடி வைத்துவிட்டு, நீர்க்காகத்தின் சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பித்தேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இந்தப் பறவையைக் 'கார்மரன்ட்' என்கிறார்கள். அதன் மூலம் லத்தீன் மொழியில் 'கடல் காக்கை' என்று பொருள்படும் இரண்டு சொற்கள். அவர்களுக்குக் கடல் காக்கை, நமக்கு நீர்க்காக்கை. பறவை சாஸ்திரப்படி இது காக்கைக்குச் சொந்தமே இல்லை. ஆயினும் கறுப்பாக இருந்து, நாம் வைத்ததை எடுத்துக்கொண்டு போனால், எந்தத் தேசத்திலும் அது காக்கைதான் போலிருக்கிறது!

சிறகு உலர்த்தும் ரகசியத்தையும் தெரிந்துகொண்டேன். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. அதனால் வாத்து மிதக்கிறது. நீர்க்காகத்தின் மேல் இறகுகளோ நனைந்துவிடும். நனைவதால் உடம்பின் மிதப்புக் குறைகிறது. நீருக்கடியில் மீனைத் துரத்துவது சுலபமாகிறது. காலின் நான்கு விரல்களையும் ஒரே சவ்வு இணைத்திருப்பதால் துடுப்புக்கும் குறைவில்லை. வேட்டை முடிந்ததும் வெயிலில் காய வேண்டும். அவ்வளவுதான். நாம் சோம்பேறித்தனம் என்று நினைப்பது அதன் தொழிலில் ஒரு பகுதி.

இவ்வளவு கெட்டிக்கார மீன்பிடிகாரனை மனிதன் சும்மா விடுவானா? ஜப்பானில் கிஃபு நகரத்தில் நகரா என்று ஒரு நதி ஓடுகிறது. அங்கே ஆயிரத்து முந்நூறு வருஷங்களாக நீர்க்காகத்தைக் கொண்டு மீன் பிடிக்கிறார்கள். இரவு நேரம், படகின் முனையில் இரும்புக் கூடையில் தீ எரிகிறது. பறவைகளின் கழுத்தில் ஒரு கயிறு. சின்ன மீன் தொண்டைக்குள் இறங்கும். பெரிய மீன் இறங்காது. இறங்காத மீனைப் படகுக்காரர் கக்க வைத்து எடுத்துக்கொள்கிறார். 1890ஆம் வருஷத்திலிருந்து இந்தத் தொழிலாளிகள் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் அரண்மனை ஊழியர்கள். சீனாவிலும் இந்த வழக்கம் பழமையானது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர்கூட நீர்க்காகங்களை வளர்த்து, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியையும் நியமித்திருந்தார்.

இது ஒருவகைப் பங்கீடு. சின்னது உனக்கு, பெரியது எனக்கு. பறவையைக் கேட்டுச் செய்த பங்கீடு அல்ல என்றாலும், இரு தரப்பும் பட்டினி கிடக்கவில்லை.

தென் அமெரிக்காவில், பெரு நாட்டில், வேறு விதமான கணக்கு. அந்த நாட்டுக் கரையை ஒட்டிய தீவுகளில் லட்சக் கணக்கான நீர்க்காகங்கள், கடலில் நெத்திலி வகை மீனைத் தின்று வாழ்ந்தன. மழையே இல்லாத தீவுகள் ஆதலால் பறவை எச்சம் மலை மலையாகக் குவிந்தது. அது முதல் தரமான எரு. 1840க்குப் பிறகு ஐரோப்பாவின் வயல்களுக்கு அது கப்பல் கப்பலாகப் போயிற்று. 1864இல் ஸ்பெயின் அந்தச் சின்சாத் தீவுகளைக் கைப்பற்ற, அதன் காரணமாக யுத்தமே மூண்டது. பறவை எச்சத்துக்காக ராஜ்யங்கள் பீரங்கி வெடித்த சரித்திரம் இது! 1909இல் பெரு அரசாங்கம் ஒரு ஸ்தாபனம் அமைத்து, தீவுகளுக்குக் காவல் போட்டுப் பறவைகளைக் காப்பாற்றிற்று. அதுவரையில் பறவைக்கு வரவுக் கணக்கு. பிறகு, 1950க்கு மேல், அதே மீனைப் பிடித்துத் தூளாக்கிக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக விற்கும் தொழில் வளர்ந்தது. இப்போது பறவை போட்டிக்காரன் ஆகிவிட்டது. 1972இல் கடல் நீரோட்டம் மாறிய சமயத்தில், ஏற்கனவே வலை போட்டு வாரியிருந்த கடலில் மீன் வளம் சரிந்தது. மீனும் போயிற்று, பறவையும் குறைந்தது.

ஐரோப்பாவிலும் இதே வழக்குத்தான். அருகிவிட்ட நீர்க்காகத்தை 1979ஆம் வருஷத்துப் பறவைச் சட்டம் காத்தது. பறவை பெருகிற்று. மீன் பண்ணைக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். 1997இல் விசேஷப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஏரிக்கரைப் பெரியவர் தனி ஆள் அல்ல.

இங்கே வாசகர்களை மறுபடியும் அதியமானிடம் அழைத்துப் போக அநுமதி வேண்டும். தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் 1981இல் கண்டுபிடித்த கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. ஒரு குகையைத் தானமாகக் கொடுத்த செய்தி அது. அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை நமக்குத் தெரியும். அவனுக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் சண்டை வரும்போல் இருந்த சமயத்தில், ஔவையே தூது போனாள். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையோடு காட்ட, "உன் ஆயுதங்கள் பளபளப்பாக இருக்கின்றன, எங்களுடையவை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்ற கருத்தில் அவள் சொன்ன சாமர்த்தியமான பேச்சு புறநானூற்றில் இருக்கிறது.

அன்று ஔவை போன அதே தொண்டை நாட்டில்தான், மதுராந்தகத்துக்கு அருகே, வேடந்தாங்கல் இருக்கிறது. பெயரைக் கவனியுங்கள்: வேடனுடைய தாங்கல், அதாவது வேடனின் ஏரி. வேட்டைக்காரன் பெயரைத் தாங்கிய ஏரி பறவைகளின் புகலிடமான கதை விசித்திரமானது. மழைக் காலத்தில் ஏரி நிறைந்ததும், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நாரையும் கொக்கும் ஆயிரக் கணக்கில் கூடு கட்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் அந்த ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். அது ஏறக்குறைய 1798ஆம் வருஷம். 1858இல் மறுபடியும் அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936இல் அது சரணாலயம் ஆயிற்று.

பட்சி ஜாதியிடம் அந்த ஊராருக்கு இருந்த பிரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கணக்கும் தெரிந்தவர்கள். பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீர் வயலில் பாய்கிறது, பயிர் செழிக்கிறது. பெரு நாட்டுத் தீவுகளின் எருவுக்கு ஐரோப்பியர்கள் கப்பல் அனுப்பத் தொடங்குவதற்கு நாற்பது வருஷம் முன்பே, செங்கல்பட்டு விவசாயிகளுக்கு இந்தச் சாஸ்திரம் தெரிந்திருந்தது.

ஆஹா, பெரியவருக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். சிநேகிதர் எடுத்த படங்களில் சிறந்ததைப் பெரிதாக அச்சிடச் செய்து எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் மறுபடி அதியமான்கோட்டைக்குப் போனோம். பெரியவர் பரிசலில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் வேடந்தாங்கல் கதையை உற்சாகமாகச் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"பறவைங்க கூடு கட்டறது அந்த ஏரியிலேங்களா?"

"ஆமாம்."

"மீன் தின்னறது எங்கேங்க?"

நான் திகைத்துப் போனேன். வேடந்தாங்கல் ஏரி சின்னஞ் சிறியது. அத்தனை ஆயிரம் பறவைகளுக்கு அதில் ஏது இரை? அவை சுற்று வட்டாரத்து ஏரி குளங்களுக்கெல்லாம் பறந்து போய்த் தின்றுவிட்டுத்தான் திரும்பி வருகின்றன.

"அப்போ, எரு ஒரு ஊருக்கு, நஷ்டம் வேறே ஊருக்கு. நம்ம ஏரியிலே அது கூடு கட்டறதில்லீங்க. தின்னுட்டுப் போயிடுது" என்றார் பெரியவர்.

நான் புரட்டிய புஸ்தகங்களில் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கலாம். அக்கம் பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் ஏன் சண்டைக்கு வரவில்லை? ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவது புதிதல்ல. இடைக்காலத்துக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று அதைக் குறித்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை ஏரியைச் செப்பனிடச் செலவிட்டதும் உண்டு. இன்றைய 'மீன்பாசி' அந்தச் சொல்லின் வம்சந்தான். ஆனால் அன்று குத்தகை எடுத்தவன், மழை வெள்ளத்தோடு தானே வந்து தானே பெருகிய மீனைப் பிடித்தான். பறவை தின்றது போக மிச்சம் தனக்கு என்று இருந்தான். 1957ஆம் வருஷம் ஜூலை 10ஆம் தேதி, ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி ஊசி மருந்தினால் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்தார். அதற்குப் பிறகு மீன் குஞ்சை எண்ணி விலைக்கு விற்பது பெருகிற்று. அதனால் நாட்டுக்குப் பெரிய நன்மை, சந்தேகமில்லை. ஆனால் அன்றுமுதல் நீர்க்காகம் தின்பது ஏரியின் மீனை அல்ல, ஒரு மனிதரின் முதலை. ஊருக்கெல்லாம் பங்காக விழுந்த நஷ்டம், ஒருவர் கணக்குப் புஸ்தகத்தில் போய் விழுகிறது. பறவையின் அழகோ ஊருக்கெல்லாம் பொது. என் சிநேகிதர் காலணாச் செலவில்லாமல் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

சிவகங்கைப் பக்கத்து வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே ஊரே சேர்ந்து ஒரு சந்தோஷத்தை விட்டுக் கொடுக்கிறது. இங்கே ஒற்றை மனிதர் பட்டாசு வெடிக்கிறார். அவரைக் கல் நெஞ்சர் என்று சொல்வது சுலபம். குஞ்சைச் சற்றுப் பெரிதாக வளர்த்து விடலாம். மீன் ஒளிந்துகொள்ள ஏரியில் முள் வெட்டிப் போடலாம். ஆனால் இரண்டுக்கும் பணம் வேண்டும். பறவையைக் காக்கச் சட்டம் செய்த நாம் அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதுதானே நியாயம்? அதியமானும் நெல்லிக்கனியைத் தன் கையிலிருந்துதான் கொடுத்தான். அடுத்த வீட்டு மரத்திலிருந்து பறித்துக் கொடுத்திருந்தால் யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சிநேகிதர் படத்தைப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பச்சை ஓடிய சிறகையோ, செதில் போன்ற இறகையோ அவர் பார்க்கவில்லை. அவர் கண் நேரே அலகுக்குப் போயிற்று. படத்தைக் கண்ணருகே கொண்டு போனார், தூரப் பிடித்தார், வெயிலுக்குத் திருப்பினார்.

"அட! இது கட்லா இல்லீங்க. ஜிலேபிக் குஞ்சு!"

ஜிலேபிக் கெண்டை 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன். கண்ட குளத்திலெல்லாம் பெருகி, மற்ற மீன்களின் இரையைப் பங்குபோட்டுக்கொள்ளும். குத்தகைக்காரர்களுக்கு அது வேண்டாத விருந்தாளி. அதைத் தின்கிற பறவை, கணக்குப்படி, பெரியவருக்கு உபகாரம் அல்லவா செய்திருக்கிறது!

சிநேகிதர் முகம் மலர்ந்தது. வழக்கில் ஜெயித்துவிட்ட களிப்பு. "பார்த்தீர்களா, பெரியவரே?" என்றார்.

"பாத்தேனுங்க" என்றார் பெரியவர். படத்தைச் சுருட்டாமல், மடிக்காமல், பரிசல் துடுப்பின் மேல் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். "இந்த ஒண்ணு சரி. மத்ததெல்லாம்?"

ஏரியைத் திரும்பிப் பார்த்தேன். வேலமரக் கிளையில் அன்றைக்கு ஒன்று இருந்தது, இன்றைக்கு நான்கு. நான்கும் சிறகை விரித்து வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தன. பெரியவர் தகர டப்பாவை எடுத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, வழக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்பது போல, மெதுவாக இரண்டே தட்டுத் தட்டினார். அவர் சொன்னது சரிதான். ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை.